மூன்றாவது கணக்கில் உண்டா

ஏழு கோயில், பதினான்கு தலம்,
கோயிலுக்கு இரண்டு.
பெரிய வியாழக்கிழமைக் கணக்கு இவ்வளவுதான் என்றாள்
பெர்பெத்துவா, என் மனைவியின் அக்கா,
கூட்டுறவு வங்கியில் கல்லாவில் இருப்பவள்.
ஜீப்னி என் முதலாளியுடையது.
டீசல் என் கடன்.
பின்னால் ஒன்பது பேர், ஒரு ஐஸ்பெட்டி,
வாழையிலையில் சுற்றிய சுமான் நாற்பது.

லும்பானில் தீர்ப்பிட்டார்கள், சிலுவையைச் சுமத்தினார்கள்.
பாயெதேயில் ஒருமுறை விழுந்தார், தாயைச் சந்தித்தார்.
நான் வெளியே நின்று டயரை உதைத்துப் பார்த்தேன்.
எனக்கும் கடவுளுக்கும்
நான்கு வருடமாகப் பேச்சில்லை.
அது வேறு கதை.
இவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ஏரிக்கரை வளைவில்
தின்ற ஆறு சுமானையும் ஹாதி
தன் வெள்ளைக் கவுனிலும்
என் மாமனார் திபுர்சியோவின் தொப்பியிலும்
திருப்பிக் கொடுத்தாள்.
கண்ணில் பட்ட முதல் மணிக்கூண்டை நோக்கி
வண்டியை ஒடித்தேன்.
கழிப்பறை வரிசை மதில்வரை.
உள்ளே குழாயில் காற்றுதான் வந்தது.

பீடத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
எழுந்து வந்தாள்.
சும்மா நின்ற ஒரு பையனை அதட்டினாள்.
'நான் ஏன்?' என்றான் அவன்.
'நீ நிற்பதால்' என்றாள்.
முணுமுணுத்தபடியே தெருமுனைக்குப் போய்
ஒரு வாளி தூக்கி வந்தான்,
பாதியைத் தன் புதுச் செருப்பில் சிந்தி.
அவள் இடுப்பிலிருந்து கைக்குட்டை உருவி நனைத்து
என் மகளின் வாயை, மூக்கை,
காது மடலின் பின்பக்கத்தைக்கூடத் துடைத்தாள்.
யார் பிள்ளை என்று கேட்கவில்லை.
நன்றி சொல்ல நான் திரும்பியபோது
பூவுக்குப் போய்விட்டிருந்தாள்.

பக்சன்ஹானில் பெர்பெத்துவா
புத்தகத்தை ஏழாம் தலத்தில் திறந்தாள்.
'இது மூன்றாவது கோயில்' என்றார் மாமனார்.
'நான்காவது.'
'அங்கே நீ மண்டியிட்டாயா?'
'மண்ணை மிதித்தோமே.'
'மிதித்தது போதுமென்றால்
ஜீப்னிக்கும் பலன் உண்டு.'
மக்தலேனா வரை இதே பேச்சு.
மூன்றாம் முறை அவர் விழுந்து
ஆடைகள் உரியப்பட்டபோதும்
பெஞ்சின் இரு முனையிலிருந்து
விரல்களால் கணக்குக் காட்டிக்கொண்டார்கள்.
நெனிதா என்னைப் பார்த்தாள்.
நான் ஓட்டுநர், எனக்கென்ன வந்தது.

மஹாய்ஹாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது.
அங்கே அவர் இறந்தபோது மணி பதினொன்று.
லிலிவ் போய்ச் சேர்ந்தால்
செருப்புக் கடைகளெல்லாம் இருட்டு.
கோயில் கேட்டில் பூட்டு.
கம்பியைப் பிடித்து நின்றபடி
உடலை இறக்கினோம், அடக்கம் செய்தோம்.
கொசு யாரையும் விடவில்லை.

'ஆறுதான்' என்றார் மாமனார்.
பெர்பெத்துவா பதில் சொல்லவில்லை.
சில்லறை குறைந்தவளைப் போலப்
பின்பக்கமாகப் புரட்டிப் புரட்டி
ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கத்தை
நகத்தால் பிரித்தாள்.
ஐந்து. ஆறு.
அவள் தொண்டை கட்டியிருந்தது.
புத்தகத்தை என் மார்பில் வைத்து அழுத்தினாள்.

கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்.
நான்கு வருடத்தில் முதல்முறை,
பள்ளிக்கூடத்துக் குரலில்.
வழியே போன சீரேனே ஊர் சீமோனை
அவர்கள் கட்டாயப்படுத்தினார்கள்.
அந்த வரியில் நின்றுவிட்டேன்.
'ம்' என்றாள் நெனிதா, 'மேலே.'
பக்கத்தைத் திருப்பினேன்.
கூட்டத்திலிருந்து ஒரு பெண், கையில் துணி.
அதற்குமேல் சத்தமாகப் படித்தேனா
மனத்துக்குள் படித்தேனா
எனக்குத் தெரியாது.

பின்சீட்டில் ஹாதி தூங்கினாள்.
திருப்பிக் கொடுக்க மறந்த கைக்குட்டை
அவள் முஷ்டிக்குள், காய்ந்து விறைத்து.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மாமனார் இன்னும் ஈரம் போகாத தொப்பியை
முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் வைத்தார்.
'அந்த ஊர் பேரென்ன?' என்றார்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
வண்டியைக் கிளப்பினேன்.